கணினிக் கோப்புறைக்குச் சின்னம் அமைத்தல்

 

என் பாட்டியார் இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்; எழுத்தறியாதவர். ஆயினும், பால் நிறுக்கும் கொட்டகையில் நூறு வாளிகள் வரிசையாக நின்றாலும் தம் வாளியை நொடியில் இனங்கண்டு எடுத்துவிடுவார். அவ்வாளியின் பக்கத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதன் நடுவே ஒரு புள்ளியும் இட்டு வைத்திருந்தார். அக்குறியே அவ்வாளிக்குப் பெயர்ப்பலகை. எழுத்து, கற்றவருக்கே பயன்படும். குறியோ கற்றவர், கல்லாதவர், சிறுவர், முதியவர் ஆகிய அனைவருக்கும் பயன்படும். நம் நாட்டுத் தேர்தல் வாக்குச் சீட்டிலும் பெயரோடு சின்னத்தை அச்சிடுவது இதனாலன்றோ?

இன்று பள்ளியின் கணினி அறையிலும் நம்மில் பலருடைய இல்லங்களிலும் கணினி இடம்பெற்றுவிட்டது. பாட்டியார் தம் வாளிக்கு இட்டதைப் போன்ற குறியைக் கணினியிலுள்ள கோப்புறைக்கும் இடலாம். அதனால் விளையும் பயனையும், அதனை இடும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

கோப்புறை என்பது யாது?

தோட்ட அலுவலகத்தில் கிராணியார் தாள்களை எவ்வாறு வைத்திருப்பார் என்பதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். பெயர்ப்பதிவு ஓர் உறையில் இருக்கும். கூலிக் கணக்கு மற்றோர் உறையில் இருக்கும். வந்த கடிதங்கள் வேறோர் உறையில் இருக்கும். தடித்த தாளை இரண்டாக மடித்துச் செய்த அவ்வுறைக்கு 'மணிலா உறை' என்று பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டில் வளரும் அபாக்கா என்னும் செடியின் நாரிலிருந்து முற்காலத்தில் அத்தாள் செய்யப்பட்டமையால், அந்நாட்டின் தலைநகரப் பெயர் அதற்கு வாய்த்தது. அபாக்கா வாழையினத்தைச் சேர்ந்தது. அதன் நார் மிக உறுதியானது. கப்பற் கயிறு திரிக்கவும் பயன்பட்டது. நம் அண்டை நாட்டு நாரில் பிறந்த அவ்வுறையின் உருவத்தையே இன்று உலகெங்குமுள்ள கணினித் திரைகளில் காண்கிறோம்.

கணினியில் நாம் எழுதும் கட்டுரை ஒரு கோப்பு. எடுக்கும் நிழற்படம் ஒரு கோப்பு. கோப்புகள் பலவற்றை ஒருங்கே வைக்கும் இடம் கோப்புறை. ஒரு கோப்புறையினுள் மற்றொரு கோப்புறையையும் வைக்கலாம். கோப்புறையைக் குறிக்கும்பொருட்டுத் திரையில் தோன்றும் சிறிய படமே அதன் சின்னம். இதனை ஆங்கிலத்தில் 'ஐகான்' என்பர்.

சின்னம் பிறந்த வரலாறு

தொடக்கக் காலக் கணினிகளில் படமே இல்லை. கரிய திரையில் எழுத்துகள் மட்டுமே தோன்றின. கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்து, ஓர் எழுத்தும் பிழையாமல் தட்டச்சிட வேண்டும். இத்துன்பத்தை நீக்க அறிஞர் சிலர் முயன்றனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித் என்பார், 1975-ஆம் ஆண்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், திரைப் படங்களுக்கு 'ஐகான்' என்னும் சொல்லை ஆண்டார். பின்னர் அவர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, 1981-இல் வெளிவந்த 'ஸ்டார்' என்னும் கணினியின் உருவாக்கத்தில் பங்குகொண்டார்.

ஸ்டார் கணினியின் திரை, அலுவலக மேசையைப் போலவே அமைந்திருந்தது. தாள், கோப்புறை, கடிதங்கள் வரும் கூடை, கடிதங்கள் செல்லும் கூடை ஆகியவை அதில் படங்களாகக் காட்சி தந்தன. அப்படங்களை முடிவு செய்யுமுன் அந்நிறுவனத்தார் செய்த செயல் நாம் கருதத்தக்கது. நான்கு வெவ்வேறு படத்தொகுதிகளை வரையச் செய்து, அவற்றை மக்களிடம் காட்டி, எதனை எளிதில் அறிந்துகொள்கின்றனர் என்று சோதித்தனர். நார்மன் காக்ஸ் என்னும் ஓவியர் வரைந்த படங்களே ஸ்டார் திரையில் இடம்பெற்றன. ஆனால், அக்கணினியின் விலை 16,000 அமெரிக்க டாலருக்கும் மேற்பட்டிருந்தமையால் எளியோர் கைக்கு அது எட்டவில்லை.

1984-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் கணினி வெளிவந்தது. அதன் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்னும் பெண்மணி. அவர் கணக்குப் பாடத்தில் நாம் பயன்படுத்தும் கட்டத்தாளில்தான் முதலில் வரைந்தார். பக்கத்திற்கு 32 கட்டம். ஆக மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் கருமை அல்லது வெண்மை, வேறு நிறமில்லை. நம் அன்னையர் வாசலில் புள்ளியை எண்ணி வைத்துக் கோலத்தைக் கட்டுவது போல, அவர் கட்டத்தை எண்ணி நிரப்பி உருவத்தைக் கட்டினார்.

இவையெல்லாம் நிறுவனத்தார் வரைந்து தந்த சின்னங்கள். பயன்படுத்துவோர் தாம் விரும்பிய படத்தைக் கோப்புறைக்கு ஒட்டிக்கொள்ளும் வசதியை 1991-இல் மெக்கின்டோஷின் ஏழாம் பதிப்பு இயங்குதளம் அளித்தது. மைக்ரோசாஃப்டு நிறுவனத்தின் விண்டோஸ் 95 என்னும் இயங்குதளம் 1995-இல் வெளிவந்தபோது மஞ்சள் நிறக் கோப்புறை உலகெங்கும் பரவியது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், சில பொத்தான்களை அழுத்தியே கோப்புறையின் சின்னத்தை மாற்றும் எளிய வழி ஏற்பட்டது. அவ்வழியே இன்றும் வழக்கில் உள்ளது.

மாற்ற வேண்டுவது ஏன்?

'மஞ்சள் உறை அழகாகத்தானே இருக்கிறது? அதனை மாற்றுவானேன்?' என்று சிலர் வினவலாம். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை அதற்கு விடையாகக் கூறுகிறேன்.

எங்கள் குடும்பத்தாள்கள் அனைத்தும் நெடுங்காலம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. நான் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் கணினியில் சேர்த்தேன். பிறப்புப் பத்திரங்கள், திருமணச் சான்றுகள், ஊழியர் சேமநிதிக் கணக்குகள், பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள் எனப் பதினான்கு கோப்புறைகள் ஆயின. ஆனால், சோம்பலினால் கணினி தானே வைத்த பெயர்களை அப்படியே விட்டுவிட்டேன். 'புதிய கோப்புறை' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லும், இரண்டு, மூன்று என்னும் எண்களுமே பெயர்கள். பதினான்கும் ஒரே மஞ்சள்.

என் அண்ணன் மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. நம் நாட்டில் அவ்வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் இன்றியமையாதது. டின்னைத் திறந்து பார்த்தபோது, கறையான் பத்திரத்தை அரித்திருந்தது. மறுபடி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று அண்ணன் செம்பனை வெட்டு வேலைக்கு விடுப்பெடுத்து, மகனையும் பள்ளிக்கு அனுப்பாமல், பட்டணத்திற்குச் சென்றார். அங்கே பழைய பத்திரத்தின் எண் கேட்கப்பட்டது. உடனே வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் அன்று வெளியூரில் இருந்தேன். வீட்டில் என் அன்னையாரும் முதலாம் ஆண்டில் பயிலும் பேத்தியுமே இருந்தனர்.

இருவரும் கணினியின் முன் அமர்ந்தனர். "பாட்டி, எல்லாம் ஒரே மாதிரி மஞ்சளாக இருக்கிறதே! எதைத் திறப்பது?" என்று குழந்தை கேட்டாள். "எனக்கு என்ன தெரியும், கண்ணு? ஒவ்வொன்றாகத் திறந்து பார்" என்றார் அன்னையார். ஒன்றினுள் ஒன்றாகக் கோப்புறைகள் விரிந்தன. எண் கிடைத்தபோது அலுவலகம் மூடப்பட்டுவிட்டது. அண்ணனுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மறுமுறை சென்றபோது மற்றொரு நாள் கூலியும் போயிற்று. பையனுக்கு இரண்டு நாள் பாடம் போயிற்று. குற்றம் கணினியினுடையதன்று, பதினான்கு உறைகளையும் ஒரே முகத்தோடு விட்டுச் சென்ற என்னுடையதே.

அவ்வாரமே அனைவரும் கூடி அமர்ந்தோம். முதலில் கோப்புறைகளுக்குத் தமிழில் பெயரிட்டோம். விண்டோஸ் கணினியில் தமிழிலேயே பெயரிட இயலும் என்பதைப் பலர் அறியார். பின்னர், படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அன்னையாரிடம் விட்டோம். பிறப்புப் பத்திரங்களுக்குத் தொட்டில், திருமணச் சான்றுகளுக்கு மாலை, சேமநிதிக் கணக்கிற்கு உண்டியல், பள்ளி அறிக்கைகளுக்குப் புத்தகம் என்று அவரே கூறினார். பாட்டியார் தோட்டத்தில் உழைத்தமைக்குச் சான்றான பழந்தாள்கள் சில எஞ்சியிருந்தன. அவற்றின் கோப்புறைக்கு என்ன படம் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சிவப்பு வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வை" என்றார்.

இப்பொழுது தொலைபேசியில் "தொட்டிலைத் திற" என்று சொன்னால் போதும், குழந்தையும் திறந்துவிடுவாள். ஒன்று நினைவிற்கொள்க: கணினியிலுள்ள படம் மூலப் பத்திரத்திற்கு ஈடாகாது. ஆயினும், மூலம் அழிந்தவிடத்து அதன் எண்ணையும் நாளையும் காட்டி வழிகாட்டும்.

நல்ல சின்னத்தின் இலக்கணம்

1. உருவம் எளியதாக இருத்தல் வேண்டும். திரையில் சின்னம் மிகச் சிறிய அளவில் தோன்றும்போது பக்கத்திற்கு 16 புள்ளிகளே உள; மொத்தம் 256. நுணுக்கமான ஓவியம் அவ்வளவில் வெறும் கறையாகவே தெரியும்.

2. ஒரு சின்னத்திற்கு ஒரு பொருளே இருத்தல் வேண்டும். இரண்டு கோப்புறைகளுக்குப் புத்தகம் இட்டால் குழப்பமே மிஞ்சும்.

3. நிறத்தை மட்டும் நம்புதல் ஆகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோரும் நம்மிடையே உளர். உருவமும் வேறுபடுதல் நலம்.

4. முதன்மையான கோப்புறைகளுக்கு மட்டும் இடுக. எல்லாவற்றையும் அலங்கரித்தால் எதுவுமே தனித்துத் தோன்றாது.

5. வரைந்தபின், விளக்கம் ஏதும் கூறாமல் தாத்தாவிடமோ தங்கையிடமோ காட்டுக. அவர்கள் பொருளை அறிந்தால் அதுவே நற்சின்னம். ஜெராக்ஸ் நிறுவனத்தார் செய்த சோதனையும் இதனை ஒத்ததே.

சின்னத்தை மாற்றும் முறை

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் பின்வருமாறு செய்க.

முதலாவதாக, மாற்ற வேண்டிய கோப்புறையின்மீது சுட்டியை வைத்து, அதன் வலப் பொத்தானை அழுத்துக. ஒரு பட்டியல் தோன்றும். அதில் 'புராப்பர்ட்டீஸ்' என்பதைத் தேர்க.

இரண்டாவதாக, விரியும் சாளரத்தின் மேற்பகுதியில் 'கஸ்டமைஸ்' என்னும் சொல்லை அழுத்துக. அப்பக்கத்தின் அடியில் 'சேஞ்ச் ஐகான்' என்னும் பொத்தான் இருக்கும். அதனை அழுத்துக.

மூன்றாவதாக, கணினியிலேயே உள்ள படங்கள் வரிசையாகத் தோன்றும். மரம், விண்மீன், பூட்டு முதலிய பல அவற்றுள் உள. விரும்பியதைத் தேர்ந்து 'ஓகே' என்பதை அழுத்துக. தாமே வரைந்த படத்தை இட விரும்புவோர் 'பிரௌஸ்' என்பதை அழுத்தி, அப்படம் இருக்கும் இடத்தைக் காட்டுதல் வேண்டும்.

நான்காவதாக, முதற்சாளரத்திலும் 'ஓகே' என்பதை அழுத்துக. புதிய சின்னம் உடனே தோன்றாவிடின், விசைப்பலகையின் மேல்வரிசையிலுள்ள எஃப் 5 விசையை ஒருமுறை அழுத்துக.

பழைய மஞ்சள் உறையே வேண்டுமெனின், சேஞ்ச் ஐகான் சாளரத்தில் 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' என்னும் பொத்தான் உண்டு. ஆகவே, தவறிவிடுமோ என்று அஞ்ச வேண்டா.

தாமே வரைவோர் ஒன்றை அறிதல் வேண்டும். கைப்பேசியில் எடுத்த நிழற்படத்தை விண்டோஸ் அப்படியே சின்னமாக ஏற்காது. 'ஐகோ' என்னும் வகையில் அது சேமிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஓர் ஐகோ கோப்பினுள் ஒரே படம் 16, 32, 48, 256 எனப் பல அளவுகளில் அடங்கியிருக்கும். திரைக்கு ஏற்ற அளவைக் கணினி எடுத்துக்கொள்ளும். விலையின்றிக் கிடைக்கும் 'கிம்ப்' என்னும் ஓவியச் செயலி இவ்வகையில் சேமிக்கவல்லது. படத்தைச் சதுரமாக வரைக.

ஆப்பிள் கணினியில் முறை வேறு. விரும்பிய படத்தைத் திறந்து, அதனைப் படியெடுத்துக்கொள்க. பின்னர்க் கோப்புறையைத் தேர்ந்து, 'கெட் இன்ஃபோ' என்பதைத் திறக்க. அச்சாளரத்தின் மேல் இடப்புறத்திலுள்ள சிறிய சின்னத்தை அழுத்தி, 'பேஸ்ட்' என்னும் கட்டளையைத் தருக. அவ்வளவே.

உள்ளே நடப்பது என்ன?

சின்னத்தை மாற்றும்போது கோப்புறையினுள் இருக்கும் தாள்களுக்கு யாதொரு மாற்றமும் நிகழ்வதில்லை. விண்டோஸ் அக்கோப்புறையினுள் 'டெஸ்க்டாப்.ஐஎன்ஐ' என்னும் சிறிய குறிப்பு ஒன்றை எழுதி மறைத்து வைக்கிறது. 'இக்கோப்புறைக்கு இன்ன இடத்திலுள்ள இன்ன படத்தைக் காட்டுக' என்பதே அக்குறிப்பின் பொருள். பிறகு, கோப்புறைக்கு ஓர் அடையாளத்தையும் இடுகிறது. அவ்வடையாளத்தைக் கண்டால்தான் உள்ளே குறிப்பு இருக்கிறதா என்று கணினி தேடும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். குறிப்பில் இருப்பது படத்தின் முகவரியே, படம் அன்று. படக்கோப்பை அழித்தாலோ வேறிடத்திற்கு மாற்றினாலோ, கடிதம் சேர வேண்டிய வீடு பூட்டிக் கிடந்தாற்போல, சின்னம் காணாமற்போகும். கோப்புறையை வேறு கணினிக்குக் கொண்டு சென்றாலும் அவ்வாறே நிகழக்கூடும். அப்பொழுதும் உள்ளிருக்கும் தாள்கள் நலமாகவே இருக்கும். ஆதலால், ஐகோ கோப்புகளை எல்லாம் ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்தை மாற்றாமல் காத்துக்கொள்க.

எச்சரிக்கைகள் மூன்று

ஒன்று: சின்னம் பூட்டு அன்று. பூட்டின் படத்தை இட்டதனால் கோப்புறை பூட்டப்பட்டுவிடாது. பிறர் காணக் கூடாதவற்றிற்குக் கடவுச்சொல்லே காவல்.

இரண்டு: சின்னத்தைக் கண்டு ஏமாறுதல் கூடாது. நல்லவர் சின்னம் இடுவது போலவே தீயவரும் இடுவர். பென்டிரைவ் எனப்படும் விரலியின் வழியாகப் பரவும் தீநிரல்கள் சில, மஞ்சள் கோப்புறையின் முகத்தைப் பூண்டு வரும். திறக்க அழுத்தினால் கணினியைக் கெடுக்கும். கோப்புறை போல் தோன்றும் ஒன்றின் பெயர் 'இஎக்ஸ்இ' என்று முடியுமாயின் அது கோப்புறையன்று, செயலி. அதனைத் தொடாமல் ஆசிரியரிடம் காட்டுக.

மூன்று: பள்ளிக் கணினி அனைவருக்கும் பொது. ஒருவர் தம் விருப்பம்போல் சின்னத்தை மாற்றினால் அடுத்து வரும் மாணவர் இடர்ப்படுவர். ஆசிரியரின் இசைவைப் பெற்ற பின்னரே மாற்றுதல் முறை.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! கணினி கற்றல் என்பது விளையாட்டுகளைத் திறப்பது மட்டுமன்று. நும் பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த தாள்கள் இன்னும் எத்தனையோ இல்லங்களில் டின்னிலும் நெகிழிப் பையிலும் கிடக்கின்றன. ஒரு தாள் தவறினால் ஒரு குழந்தையின் அடையாள அட்டை தவறும். ஒரு முதியவரின் உரிமை தவறும். ஆகவே, இவ்விடுமுறையில் அவற்றை வரிசைப்படுத்திக் கணினியில் சேர்ப்பீராக. உரிய பெயரிடுவீராக. வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டே சின்னம் இடுவீராக. அவர்களும் அறியுமாறு அமைந்த சின்னமே சிறந்த சின்னம்.

பெற்றோர்களே! 'நமக்கு எழுத்துத் தெரியாது. கணினி நமக்கு எட்டாது' என்று ஒதுங்கிவிட வேண்டா. வாளிக்குக் குறியிட்ட கைகளுக்குக் கணினியும் எட்டும்.

பயிற்சி

1. மணிலா உறை என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

2. சூசன் கேர் சின்னங்களை வரைந்த கட்டங்கள் எத்தனை? பக்கத்திற்கு 48 புள்ளிகள் கொண்ட சின்னத்தில் மொத்தம் எத்தனை புள்ளிகள் இருக்கும்? கணக்கிடுக.

3. படக்கோப்பை அழித்தால் கோப்புறையின் சின்னம் மறைவது ஏன்?

4. கட்டத்தாளில் பக்கத்திற்கு 16 கட்டம் எடுத்துக்கொண்டு, உங்கள் குடும்பத்தின் பிறப்புப் பத்திரக் கோப்புறைக்கு ஒரு சின்னம் வரைக. அதனை வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் காட்டி, அவர் கூறிய பொருளைப் படத்தின் அடியில் எழுதுக.